பெரிய எண்ணைப் பார்த்து ஏமாறாதீர்கள்!

கோவில்பட்டிக்காரர்களுக்கு வெயிலைப் பற்றிச் சொல்லித் தர வேண்டியதில்லை. கரிசல் காட்டில் உளுந்து எடுக்கப் போனாலும், பருத்தி எடுக்கப் போனாலும் ஒதுங்க நிழல் கிடைப்பது அபூர்வம். இப்போது அங்கேயும் மருந்துக் கடைகளில் 'சன்ஸ்கிரீன்' டியூப் கிடைக்கிறது. வாங்குகிறவர்கள் பார்ப்பது என்னவோ, விலையையும் பெரிய எண்ணையும்தான். "50 போட்டிருக்கே, 30-ஐவிட ரெட்டிப்பு இல்லையா?"

இல்லவே இல்லை! எஸ்.பி.எஃப். என்பது முக்கியமாகத் தோலைச் சிவக்க வைத்துப் பொசுக்கும் யு.வி.பி. கதிர்களுக்கான கணக்கு. 15 என்றால் சுமார் 93 சதவிகிதம் தடுக்கும். 30 என்றால் 97. 50 என்றால் 98. அதுவும் சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் வீதம் தாராளமாகப் பூசிப் பார்த்த கணக்கு. விபூதி மாதிரி தொட்டுத் தடவினால் அந்தப் பாதுகாப்பு கிடைக்காது.

நம் நிறத்துக்குத் தோல் சுலபத்தில் பொசுங்குவதில்லை. மங்கும் கருந்திட்டும்தான் தொல்லை. அதில் யு.வி.ஏ. கதிர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. எனவே 'பி.ஏ.' என்ற எழுத்துக்குப் பக்கத்தில் எத்தனை கூட்டல் குறி என்று எண்ணிப் பாருங்கள். நான்கு இருந்தால் உச்சம். 'பிராட் ஸ்பெக்ட்ரம்' என்றால் இரண்டு வகைக் கதிர்களுக்கும் தடுப்பு உண்டு என்று அர்த்தம். 'வாட்டர் ரெசிஸ்டன்ட்' என்றால் வியர்வையைக் கொஞ்ச நேரம் தாங்கும், அவ்வளவுதான். 'வாட்டர் ப்ரூஃப்', 'சன் பிளாக்' என்று சன்ஸ்கிரீன் லேபிளில் போடவே கூடாது என்று அமெரிக்காவில் 2011-லேயே விதி போட்டுவிட்டார்கள்.

இவ்வளவு முக்கியமான சங்கதிகள் பொடி எழுத்தில், அதுவும் ஆங்கிலத்தில் இருந்தால் யாருக்குப் பிரயோஜனம்? தமிழ்நாட்டில் விற்கும் டியூபில் 'எவ்வளவு பூசணும், எப்போ மறுபடி பூசணும்' என்று தமிழில் இரண்டு வரி போட்டால் கம்பெனிக்கு என்ன குறைந்துவிடும்?

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். முகம், கழுத்து, கைகளுக்கு இரண்டு மணிக்கு ஒரு தடவை முறைப்படி பூசினால், 50 கிராம் டியூப் நாலைந்து நாள் தாண்டாது. காட்டு வேலைக் கூலிக்கு இது கட்டுப்படியாகுமா? சேலைக்கு மேல் பழைய முழுக்கைச் சட்டையும், தலையில் துண்டும் போட்டு வேலை செய்கிறார்களே நம் பெண்கள், அதுதான் முதல் தரமான பாதுகாப்பு. வியர்வையில் கரையாது, செலவும் இல்லை. மீதித் தெரிகிற முகத்துக்கு மட்டும், வசதி இருந்தால் கிரீம் பூசுங்கள்.

எந்தக் கிரீமும் வெயிலின் சூட்டைத் தடுக்காது. தண்ணீரும் நிழலும் இல்லாவிட்டால், எஸ்.பி.எஃப். 50 பூசியவரும் மயங்கித்தான் விழுவார்!