எந்தக் கையால் தடுப்பது?

போன வாரம் நிகழ்ச்சிக்கு அழைத்த நேயர் ஒருவர் திடீரென்று கேட்டார்: "ஸ்ட்ரீட் ஃபைட்டரா, மோர்ட்டல் கோம்பாட்டா? எது நல்ல கேம், சொல்லுங்க." அடுத்த பாட்டுக்கு இருபது விநாடிதான் இருந்தது. சிரித்து மழுப்பிவிட்டேன். அவருக்கான பதில் இது.

ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 வந்தது 1991இல். அடுத்த ஆண்டே மோர்ட்டல் கோம்பாட். இரத்தம் தெறிக்கும் என்பதால் இரண்டாவதைப் பற்றித்தான் எல்லாரும் பேசினார்கள். எனக்கு இரத்தம் பெரிதாகத் தெரியவில்லை. அடியை எப்படித் தடுக்கிறோம் என்பதில்தான் இரண்டும் பிரிகின்றன.

ஸ்ட்ரீட் ஃபைட்டரில் பிடியை எதிராளிக்கு எதிர்ப்பக்கம் இழுத்தால் போதும், தடுப்பு விழுந்துவிடும். நடப்பதும் தடுப்பதும் இடது கையின் வேலை. வலது கைக்கு ஆறு பொத்தான், மூன்று குத்து, மூன்று உதை, எல்லாமே அடிப்பதற்கு. மோர்ட்டல் கோம்பாட்டில் ஐந்து பொத்தான். அதில் ஒன்று தடுப்புக்கென்றே தனியாக இருக்கும். அதை அழுத்தாமல் பின்வாங்கினால் அடி விழும். 1993இல் வந்த வெர்ச்சுவா ஃபைட்டரும் குத்து, உதை, தடுப்பு என்று மூன்றே பொத்தான் வைத்தது. அடுத்த ஆண்டு வந்த டெக்கன் மறுபடி பிடிக்குப் போய், நான்கு பொத்தானையும் இரு கை, இரு காலுக்கு ஆளுக்கொன்றாகப் பிரித்துக் கொடுத்தது. (கிங் ஆஃப் ஃபைட்டர்ஸ் ரசிகர்கள் கோபிக்க வேண்டாம், உங்கள் மூவர் அணிக்கு இன்னொரு வாரம்.)

சின்ன வயதில் பேரங்காடியின் மேல்மாடியில் அண்ணன்தான் டோக்கன் வாங்கித் தருவார். வாங்கித் தந்துவிட்டு என்னையே தோற்கடிப்பார். இந்தியர் என்பதற்காகவே நான் தால்சிமை எடுப்பேன். கை ரப்பர் மாதிரி நீளும், நடைதான் ஆமை.

மூன்று வருடத்துக்கு முன் வேலையிடத்தில் நடந்த விபத்தில் அண்ணனின் வலது கையில் கட்டைவிரலும் சுட்டுவிரலும்தான் மிஞ்சின. போன தீபாவளிக்கு ஆர்க்கேட் பிடி இரண்டு வாங்கிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். அவருக்குப் பிடித்தது மோர்ட்டல் கோம்பாட் என்பதால் அதையே முதலில் போட்டேன். தடுப்புப் பொத்தானை ஒரு விரல் பிடித்துக்கொண்டால் அடிக்க ஒன்றுதான் பாக்கி. இரண்டு ஆட்டம் முடிந்ததும், "தேத்தண்ணி போடவா?" என்று எழுந்துவிட்டார். என் தலையில் நானே குட்டிக்கொண்டேன்.

அவர் திரும்பி வருவதற்குள் ஸ்ட்ரீட் ஃபைட்டருக்கு மாற்றியிருந்தேன். அண்ணன் கைலை எடுத்தார். கைலுக்குப் பிடியைக் கீழ்ப்பின் மூலையில் சற்று நேரம் இழுத்து வைக்க வேண்டும். வைத்திருக்கும்போதே உட்கார்ந்து தடுத்துக்கொள்வார், அதோடு சக்தியும் சேரும். பிறகு முன்னால் தள்ளி ஒரு குத்து என்றால் சோனிக் பூம் பறக்கும். மேலே தள்ளி ஓர் உதை என்றால் பாய்ந்து வருபவர் கீழே விழுவார். முக்கால்வாசி வேலை இடது கைக்கு. வலது பக்கம் இரண்டு விரல் போதும்.

அப்படித் தடுத்துக்கொண்டே உட்கார்ந்திருப்பவரை வெல்லவும் வழி உண்டு. பக்கத்தில் போய்ப் பிடித்துத் தூக்கி எறியலாம், தடுப்பு அதற்குச் செல்லாது. நான் போகவில்லை. தூரத்திலேயே நின்று கையை நீட்டிக்கொண்டிருந்தேன்.

முதல் ஆட்டம் அவருக்கு. திரையைப் பார்த்தபடியே கேட்டார்: "ஏன், தூக்கிப் போடத் தெரியாதா உனக்கு?"

"மறந்துட்டேன்ண்ணே."

"பொய் சொல்லாத. ஒழுங்கா விளையாடு, இல்லன்னா ஆஃப் பண்ணு."

அடுத்த ஆட்டத்தில் தூக்கிப் போட்டேன். இரண்டாம் தடவை கிட்டப் போனபோது அவர் உதை என்னை மேலே அனுப்பியது. தேத்தண்ணி ஆறிப்போனதை அண்ணி வந்து சொல்லித்தான் கவனித்தோம். அன்றிரவு பதினோரு ஆட்டம். எனக்கு ஏழு, அவருக்கு நான்கு. அந்த முதல் ஆட்டத்தைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று அவரே சொல்லிவிட்டார்.

ஆகவே நேயரே, எங்கள் வீட்டில் ஸ்ட்ரீட் ஃபைட்டர்தான்.