கண்டெடுத்தது யார், தொலைத்தது யார்?

எங்கள் இளையரசனேந்தல் பக்கத்துப் பெண் ஒருத்தி. பகலில் தீப்பெட்டி ஆபீஸ் வேலை. இரவில் செல்பேசியிலேயே தட்டித் தட்டித் தன் வலைப்பூவில் எழுதுவாள். தன் அம்மாச்சி பருத்தி எடுக்கப் போன கதையை ஒருநாள் எழுதினாள். விடியும் முன் கரிசல் காட்டில் இறங்கியது, மடி நிறையப் பருத்தி எடுத்தது, சாயங்காலம் களத்தில் வரிசையில் நின்றது எல்லாம் அதில் இருந்தன. கூலிப் பருத்தியைக் காட்டுக்காரர் கை படாமல் உயரத்தில் இருந்து முந்தானையில் போட்டதும் இருந்தது.

கொஞ்ச நாள் கழித்து, நகரத்து இலக்கிய வட்டாரத்தில் பேர் பெற்ற ஒருவர் அதை எடுத்துப் பகிர்ந்தார். 'கண்டெடுத்த ஒரு கரிசல் குரல்' என்று தலைப்பு வைத்திருந்தார். எழுதியவள் பெயர் இல்லை, ஊர் இல்லை. பருத்தி இருந்தது, பனி இருந்தது, அம்மாச்சியின் சொலவடைகள் இருந்தன. உயரத்தில் இருந்து கூலி போட்ட அந்தக் கை மட்டும் இல்லை. ஏன் என்று கேட்டதற்கு, "அது இல்லாமலே அழகா இருக்கும்மா. அது வந்தா பிரச்சாரமா ஆயிடும்" என்று பதில் வந்தது.

அவள் என்னிடம் கேட்டாள்: "அண்ணே, அந்தக் கைய எடுத்துட்டா நான் எழுதுனதுல என்ன இருக்கு?"

தோழர்களே, இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்காகத்தான்.

இரண்டு பதிவேட்டில் கிடப்பது எங்கள் பகுதிக்குப் புதிதல்ல. சங்கரன்கோவில் வட்டத்தில் இருந்து பிரித்து எங்களைக் கோவில்பட்டி வட்டத்தோடு சேர்த்தார்கள். ஊராட்சிகளைக் குருவிகுளம் ஒன்றியத்திலேயே விட்டுவிட்டார்கள். பட்டாவுக்கு ஒரு மாவட்டம், தெருவிளக்குக்கு இன்னொரு மாவட்டம் என்று மனுவோடு அலைந்த மக்கள் நாங்கள். எங்கள் எழுத்தையும் அப்படித்தான் பிரிக்கிறார்கள். மண்வாசனை என்றால் இலக்கியப் பதிவேடு. சாதி என்றால் புகார்ப் பதிவேடு. ஒரே வாழ்க்கையை இரண்டாகக் கிழித்து, தமக்குப் பிடித்த பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு, அதற்குக் 'கண்டெடுத்தேன்' என்று பெயரும் வைத்துக்கொள்கிறார்கள்.

இந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒரு நூற்றாண்டுத் திருட்டு இருக்கிறது. 1907 ஜூன் 19 அன்று சென்னை இராயப்பேட்டையில் இருந்து அயோத்திதாசப் பண்டிதர் 'ஒரு பைசாத் தமிழன்' என்ற வார இதழைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு அது 'தமிழன்' ஆனது. 1914-ல் அவர் இறக்கும்வரை வாரம் தவறாமல் வரலாறு, மதம், மருத்துவம், அரசியல் என்று எழுதிக் குவித்தார். கோலார் தங்கவயலில் சுரங்கத்தில் இறங்கிய நம் மக்கள் அதைக் காசு கொடுத்து வாங்கிப் படித்தார்கள். ஆனால் தமிழ் இதழியல் வரலாறு எழுதியவர்கள் பலர் அவரைத் தாண்டிக்கொண்டு போனார்கள். 1999-ல்தான், பாளையங்கோட்டை நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம் வழியாக, ஞான. அலாய்சியஸ் தொகுத்த 'அயோத்திதாசர் சிந்தனைகள்' வெளிவந்தது. இடையில் 85 ஆண்டுகள்!

அந்த 85 ஆண்டுகளும் அந்த எழுத்து எங்கே இருந்தது? நம் வீடுகளில் இருந்தது. கோலார் தங்கவயலில் அவருடைய நூல்களை மறுபடி மறுபடி அச்சிட்டவர்களிடம் இருந்தது. இதழ்களைத் தேடிச் சேர்த்து, கரையானுக்கும் மழைக்கும் கொடுக்காமல் காத்த அன்பு பொன்னோவியம் போன்றவர்களிடம் இருந்தது. தொகுத்தவர்களின் உழைப்பு பெரிது. அதை ஒருவரும் மறுக்கவில்லை. ஆனால் அதன் பிறகு 'அயோத்திதாசர் கண்டுபிடிக்கப்பட்டார்' என்று எழுதினார்களே, அங்கேதான் பிரச்சினை. தொலைந்துபோன பொருளைத்தான் கண்டுபிடிக்க வேண்டும். அவர் நம்மிடம் தொலையவே இல்லை. பார்க்க மறுத்தவர்கள் கண் திறந்ததற்குப் பெயர் கண்டுபிடிப்பா?

பாமாவின் 'கருக்கு' 1992-ல் வந்தபோது அதை அச்சிட்டது பெரிய இலக்கியப் பதிப்பகம் அல்ல. மதுரையில் இயங்கிய ஒரு சமூக ஆய்வு மையம். லட்சுமி ஹோம்ஸ்ட்ராமின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2000-ல் வந்து, கிராஸ்வேர்டு விருதும் வாங்கிய பிறகுதான் இங்கே பலருக்கு அது இலக்கியமாகத் தெரிந்தது. சேரியின் எழுத்து பக்கத்துத் தெருவுக்கு வரவே ஆங்கிலம் வழியாகச் சுற்றிக்கொண்டு வரவேண்டியிருக்கிறது.

இன்னொன்றும் கேட்கிறேன். 2015 ஜனவரியில் பெருமாள்முருகன் எழுதுவதை நிறுத்துவதாக அறிவித்தபோது நாடே கொதித்தது. கொதித்தது சரிதான், நாமும் உடன் நின்றோம். அதே காலத்தில் புதுக்கோட்டை மாவட்டம் குளந்திரான்பட்டில் துரை.குணா என்ற தலித் எழுத்தாளர், 'ஊரார் வரைந்த ஓவியம்' என்ற தன் சிறு புதினத்துக்காக ஊர்விலக்கம் செய்யப்பட்டார். 2016 ஜூனில் கைதும் செய்யப்பட்டார். முன்னவருக்காகக் கையெழுத்துப் போட்ட கைகளில் எத்தனை பின்னவருக்காகவும் எழுந்தன? அவருடைய புத்தகத்தை வாங்கிப் படித்தவர்கள் எத்தனை பேர்? நல்ல எழுத்தைத் தேடித் தேடிப் பகிர்கிறோம் என்பவர்களின் தேடல் புதுக்கோட்டை எல்லையில் ஏன் நின்றுபோனது?

எழுத்தை எப்படிப் பகிர்வது என்பதற்கும் நம் இயக்கங்களின் வரலாற்றிலேயே பாடம் இருக்கிறது. 1936-ல் லாகூரில் ஜாத்-பாத்-தோடக் மண்டல் மாநாட்டுக்கு அம்பேத்கரைத் தலைமை தாங்க அழைத்தார்கள். உரையைப் படித்துப் பார்த்ததும் பயந்துபோய், சில பகுதிகளை எடுத்துவிடச் சொன்னார்கள். ஒரு காற்புள்ளியைக்கூட மாற்ற முடியாது என்று அவர் மறுத்தார். மாநாடே நின்றுபோனது. தன் செலவில் 1,500 படிகள் அச்சிட்டார். இரண்டே மாதத்தில் தீர்ந்தன. அந்த உரையைப் பெரியாரின் 'குடி அரசு' தமிழாக்கித் தொடராக வெளியிட்டது. தமிழில் வந்துவிட்டது என்பதை 1937-ல் இரண்டாம் பதிப்பின் முன்னுரையில் அம்பேத்கரே குறிப்பிடுகிறார். பஞ்சாபில் மேடை மறுக்கப்பட்ட ஓர் உரை ஈரோட்டு இதழ் வழியாகத் தமிழ்நாட்டுக் கிராமங்களுக்கு வந்து சேர்ந்தது. எழுதியவர் பெயரோடு வந்தது. எது அவர்களை உறுத்தியதோ அதோடு வந்தது. பகிர்வது என்றால் இதுதான்.

"வெட்டினால்தான் நாலு பேர் படிப்பார்கள், பரவட்டும் என்ற நல்லெண்ணத்தில்தான் செய்தோம்" என்பார்கள். லாகூர்க்காரர்களும் நல்லெண்ணத்தில்தான் கேட்டார்கள். அவர்களும் சாதி ஒழிப்புச் சங்கம்தான் நடத்தினார்கள்! ஆதிக்கச் சாதி வாசகருக்கு உறுத்தாத அளவுக்கு நம் எழுத்தை இழைத்துக் கொடுப்பது நமக்குச் செய்யும் உதவி அல்ல, அவருக்குச் செய்யும் உதவி.

நமக்கும் வேலை இருக்கிறது. அவர்கள் பகிரட்டும் என்று காத்திருந்தது போதும். சேரியில் இருந்து எழுதும் பிள்ளைகளை முதலில் நாம் படிப்போம். பகிரும்போது பெயரும் ஊரும் போட வேண்டுமா என்று எழுதியவரையே கேட்போம்; பாதுகாப்புக் கருதி வேண்டாம் என்றால் அது அவர் முடிவு. ஒரு வரியையும் வெட்டமாட்டோம். மிரட்டல் வந்தால் விருப்பக்குறியோடு நிற்காமல் ஆள் போய் நிற்போம். முக்கியமாக, அச்செடுத்து வைப்போம். 2009-ல் ஜியோசிட்டீஸ் மூடப்பட்டபோது ஆரம்பகால இணைய எழுத்து எவ்வளவோ அதோடு போனது. அன்பு பொன்னோவியம் காத்தது காகிதத்தை. காகிதம் இருந்ததால்தான் காக்க முடிந்தது. நாளை யார் வீட்டுப் பெட்டியைத் திறந்தால் இன்றைய எழுத்து கிடைக்கும்?

நாங்கள் தொடங்கிவிட்டோம். அந்தப் பெண் எழுதியதை வெட்டாமல், அவள் சம்மதத்தோடு, அவள் பெயரோடு முப்பது படிகள் எடுத்தோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எங்கள் தெருவில் உட்கார்ந்து அவளே வாசித்தாள். அம்மாச்சியும் இருந்தார். கூலி போட்ட கை வந்த இடத்தில் கூட்டம் பேச்சடங்கிப் போனது.

வாசித்து முடித்ததும் அம்மாச்சி சொன்னார்: "நல்லாத்தான் எழுதியிருக்க தாயி. அவரு மேல நின்னு போடும்போது பாதி கீழ சிந்தும். குனிஞ்சு பொறுக்குவோம், அவரு பார்த்துக்கிட்டே நிப்பாரு. அத எழுதலையே?"

எழுதிக்கொண்டிருக்கிறாள். வந்ததும் முழுசாகப் பகிர்வோம்.