சேவை செய்ய வந்தவர்கள் எதை எடுத்துப்போகிறார்கள்?

டிசம்பர், ஜனவரி மாதங்களில் பாண்டி ஒயிட் டவுனில் வாடகை சைக்கிளில் சுற்றும் வெளிநாட்டு இளைஞர்கள் எல்லோருமே பீச் பார்க்க வந்தவர்கள் இல்லை. சிலர் காலையிலேயே சிறப்புப் பள்ளிகளுக்கும் காப்பகங்களுக்கும் கிளம்பிவிடுகிறார்கள். நடக்க முடியாத குழந்தையைத் தூக்கி உட்காரவைப்பது, சாப்பாடு ஊட்டுவது, கூட உட்கார்ந்து விளையாடுவது என்று நாள் போகும். சம்பளம் கிடையாது.

படிப்புக்கும் வேலைக்கும் நடுவே ஓர் இடைவெளி, ஊர் பார்க்கும் ஆசை என்று காரணங்கள் பல. சிலருக்கு உள்ளே ஒரு கேள்வியும் இருக்கும். கடவுள் என்று ஒருவர் இருந்தால், இந்தக் குழந்தைக்கு ஏன் இப்படி?

இந்தக் கேள்விக்கு நம் தெருவில் ரெடிமேட் பதில் உண்டு. ‘எந்த ஜென்மத்துப் பாவமோ!’ சொல்கிறவர் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார். அந்த வார்த்தையோடு ராத்திரி தூங்காமல் கிடப்பது பெற்ற தாய்தான். பைபிளிலும் இதே மாதிரி ஒரு காட்சி வருகிறது. பிறவியிலேயே பார்வை இல்லாத ஒருவரைக் காட்டி, இது யார் செய்த பாவம் என்று சீடர்கள் கேட்கிறார்கள். இவனும் காரணமில்லை, பெற்றவர்களும் காரணமில்லை என்கிறார் இயேசு.

இந்தக் கேள்வியோடு நிஜமாகவே வாழ்ந்து பார்த்தவர் ஹென்றி நோவன். நெதர்லாந்தில் பிறந்த கத்தோலிக்கப் பாதிரியார். யேல், ஹார்வர்டு பல்கலைக்கழகங்களில் பாடம் நடத்தியவர், பிரபல எழுத்தாளர். 1986-ல் அதையெல்லாம் விட்டுவிட்டு, கனடாவில் டொரன்டோ அருகே இருக்கும் ‘டேபிரேக்’ இல்லத்துக்குப் போனார். அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர்களும் உதவியாளர்களும் ஒரே குடும்பமாக வாழும் வீடு அது. அங்கே ஆடம் என்ற இளைஞரைக் கவனிக்கும் வேலையை அவருக்குக் கொடுத்தார்கள். ஆடமுக்குப் பேச்சு வராது, அடிக்கடி வலிப்பு வரும். குளிப்பாட்டி, ஷேவ் செய்து, டிரஸ் போட்டு, காலைச் சாப்பாடு முடிக்கவே சுமார் இரண்டு மணி நேரம் ஆகும். ஆரம்பத்தில் நோவனுக்குப் பயம்தான், எங்காவது தவறவிட்டுவிடுவோமோ என்று.

இவ்வளவு படித்தவர் இதற்கா நேரத்தைச் செலவழிக்க வேண்டும் என்று ஒரு நண்பர் கேட்டார். பலன் அடைவது ஆடம் அல்ல, நான்தான் என்பது நோவனின் பதில். ஆடம் ஏன் இப்படிப் பிறந்தார் என்பதற்கு அவருக்கு விடை கிடைத்துவிடவில்லை. தினமும் பக்கத்தில் இருந்ததில் அவருடைய விசுவாசம் வேர்விட்டது. 1996 பிப்ரவரியில் ஆடம் இறந்தார். அவரைப் பற்றி நோவன் எழுதிய புத்தகம் வெளியாவதற்குள், அதே ஆண்டு செப்டம்பரில் நோவனும் இறந்துபோனார்.

டேபிரேக், 1964-ல் பிரான்ஸில் ழான் வானியே தொடங்கிய ‘லார்ஷ்’ அமைப்பின் ஓர் இல்லம். அதே அமைப்பு 1970-ல் பெங்களூரில் ‘ஆஷா நிகேதன்’ என்ற பெயரில் கால் பதித்தது. பிறகு சென்னைக்கும் வந்தது. பல மதத்தவர் ஒரே கூரையின் கீழ் வாழ்வதை அங்கே பழகிக்கொண்டார்கள்.

இந்தக் கதைக்கு ஒரு கசப்பான பக்கமும் இருக்கிறது. உலகமே புனிதராகப் பார்த்த வானியே 2019-ல் இறந்தார். ஆன்மிக வழிகாட்டுதல் என்ற பெயரில் அவர் பெண்களைப் பாலியல் ரீதியாகச் சுரண்டியதை, மறு வருடமே லார்ஷ் தானே விசாரித்து வெளியிட்டது. 2023 அறிக்கை, பாதிக்கப்பட்டவர்கள் குறைந்தது 25 பெண்கள் என்றது. அவர்களில் அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர்கள் இருந்ததாக விசாரணையில் தெரியவரவில்லை. ஆனாலும் அவரை நம்பி வந்த ஆயிரக்கணக்கானோருக்கு அது பேரிடி. நிறுவனரை நம்பி வந்தவர்கள் உடைந்துபோனார்கள். ஆனால் மறுநாள் காலையிலும் யாரோ ஒருவர் இன்னொருவரைக் குளிப்பாட்டியாக வேண்டும். அந்த இல்லங்கள் இன்றும் நடக்கின்றன.

அதனால்தான் சேவை என்று யார் வந்தாலும் கும்பிட்டு வரவேற்பதோடு நாம் நின்றுவிடக் கூடாது. கேள்வியும் கேட்க வேண்டும். இந்தியாவின் இ-டூரிஸ்ட் விசாவில், பணம் வாங்காத குறுகிய காலத் தன்னார்வப் பணிக்கு அதிகபட்சம் ஒரு மாதம்தான் அனுமதி. ஒரு மாதத்தில் குழந்தை அந்த முகத்தைப் பழகிவிடும். முகம் காணாமல் போகும்போது அதற்குக் காரணம் சொல்ல யாரும் இருக்க மாட்டார்கள். அதனால் வருகிறவர்கள், நிரந்தர ஆசிரியருக்குத் துணையாக இருப்பது நல்லது. அவர்களின் பின்னணியை நிர்வாகம் விசாரித்திருக்க வேண்டும். குழந்தையோடு தனியாக விடக் கூடாது. பெற்றோர் சம்மதம் இல்லாமல் ஒரு செல்ஃபிகூட இன்ஸ்டாவுக்குப் போகக் கூடாது.

வந்து தங்கிவிட்டவர்களும் நம் ஊரில் உண்டு. 1960-களின் தொடக்கத்தில் பெல்ஜியத்திலிருந்து வந்த மத்லேன் தெ பிளிக், ‘வொலொந்தாரியா’ அமைப்பைத் தொடங்கி, தொழுநோயாளிகளுக்கும் ஏழைக் குழந்தைகளுக்கும் இங்கேயே பல பத்தாண்டுகள் உழைத்தார். எல்லோராலும் அப்படி முடியாது. முடிய வேண்டும் என்றும் இல்லை.

ஆனால் உள்ளூரில் இருக்கும் நமக்கு விசாவும் வேண்டாம், விமான டிக்கெட்டும் வேண்டாம். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, 21 வகைக் குறைபாடுகளை அங்கீகரிக்கிறது. 40 சதவிகிதமும் அதற்கு மேலும் குறைபாடு உள்ள குழந்தைகளுக்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உரிமை தருகிறது. ஆட்டிசம், மூளை முடக்குவாதம் போன்றவை உள்ளவர்களுக்கு, 18 வயதுக்குப் பிறகு சட்டப்பூர்வப் பாதுகாவலரை நியமிக்க 1999-ன் தேசிய அறக்கட்டளைச் சட்டம் வழி செய்கிறது. ‘எனக்குப் பிறகு என் பிள்ளையை யார் பார்ப்பார்கள்?’ என்று தவிக்கும் பெற்றோரில் பலருக்கு இது தெரியாது. உங்கள் தெருவில் அப்படி ஒரு வீடு இருந்தால், இந்தத் தகவலோடு போங்கள். ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் அந்தப் பிள்ளையோடு உட்காருங்கள். அந்த அம்மா கோயிலுக்கோ, சர்ச்சுக்கோ, மார்க்கெட்டுக்கோ நிம்மதியாகப் போய்விட்டு வரட்டும். சும்மா தூங்கினாலும் சரிதான்.