கொழுந்துக்கு மட்டுமா தராசு?

'மலடி' என்னும் சொல் நம் லயங்களில் எளிதாகப் பிறக்கிறது. மணமாகி மூன்றாண்டு கழிந்தும் தொட்டில் கட்டாத வீட்டை நோக்கி அது வீசப்படுகிறது. 'மலடன்' என்ற சொல்லும் தமிழில் உண்டு. அதை உச்சரிக்க எவருக்கும் நா எழுவதில்லை! விசாரணை இல்லை, சாட்சியம் இல்லை, தீர்ப்பு மட்டும் தயார். மறுதரப்பையும் கேள் என்பது நீதியின் முதற்பாடம். ஹல்துமுல்லைத் தோட்டங்களிலே அந்தப் பாடம் இன்னும் எடுபடவில்லை.

மருத்துவம் சொல்வது என்ன? பிள்ளைப் பேறு தாமதிக்கும் தம்பதியரில் ஏறக்குறையப் பாதிப்பேரிடம் ஆண்பக்கக் காரணமும் இருக்கிறது. அக்காரணங்களுள் ஒன்று உடல் நிறை. கிலோகிராமில் உள்ள நிறையை, மீற்றரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் கிடைப்பது உடற்திணிவுச் சுட்டி. அது 18.5க்குக் கீழே இறங்கினால் மெலிவு. 30ஐ எட்டினால் பருமன். மிக மெலிந்த பெண்ணுக்கும், மிகப் பருத்த பெண்ணுக்கும் கருமுட்டை ஒழுங்காக வெளிப்படாமற் போகலாம். பருமன் மிகுந்தால் சோதனைக் குழாய்ச் சிகிச்சையில் மருந்து அதிகம் வேண்டும், கருச்சிதைவும் கூடும். ஆணின் கொழுப்போ ஆண்மைச் சுரப்பைப் பெண்மைச் சுரப்பாக மாற்றுகிறது. விந்தணுவின் எண்ணிக்கையும் தரமும் குன்றக்கூடும். பிரித்தானியாவின் தேசிய மருத்துவ வழிகாட்டி 2013இல், சிகிச்சைக்கு முன் பெண்ணின் சுட்டி 19க்கும் 30க்கும் இடையில் இருப்பதே நன்று என்றது. 30ஐ எட்டிய ஆணுக்கும் கருவளம் குறையக்கூடும் என்றது.

ஆகவே தராசில் ஏறவேண்டியவர் இருவர். நம் தோட்டத்தில் நடப்பது என்ன? கொழுந்து நிறுக்க நாள்தோறும் தராசு வருகிறது. ஒரு கிலோ குறைந்தாலும் கணக்கு உண்டு. கொழுந்து பறிப்பவளோ பிள்ளை உண்டான பிறகே தராசைக் காண்கிறாள். பிள்ளை உண்டாகாதவளை நிறுப்பார் யார்? ரொட்டியும் சாயமும் உண்டு மலையேறும் மனைவி மெலிந்திருப்பாள். கொழும்புக் கடையிலே இரவு பகலாய் நின்று, கொத்துரொட்டியால் வயிற்றை நிரப்பும் கணவன் பருத்திருப்பான். பழி மட்டும் ஒருத்திக்கு!

இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்லக் கடமைப்பட்டுள்ளோம். நெதர்லாந்தில் பருமனான பெண்கள் 577 பேரைக் கொண்டு நடத்தி 2016இல் வெளியிட்ட ஆய்வில், ஆறு மாதம் உடலைக் குறைத்த பின் சிகிச்சை பெற்றவர்களுக்கு, உடனே சிகிச்சை பெற்றவர்களைவிட நல்ல பிரசவங்கள் கூடவில்லை. சிகிச்சையின்றித் தாமாகவே கருவுற்றோர் தொகைதான் கூடிற்று. எனவே நிறை என்பது ஆலோசனைக்குரிய அளவுகோல். கதவை அடைக்கும் தாழ்ப்பாள் அன்று. 'மெலிந்து வா' என்று திருப்பி அனுப்பப்படும் பெண்ணின் வயது காத்திருப்பதில்லை.

1980களில் கருத்தடை அறுவைக்கு உடன்பட்டோருக்கு இந்நாட்டு அரசு பணம் கொடுத்தது. நம் தோட்டங்களில் அதை ஏற்ற தாய்மார் பலர். பிறப்பைத் தடுக்கப் பணம் இருந்த கருவூலத்திலே, பிறப்பை வேண்டுவோருக்கு ஒரு நாட்கூலியும் இல்லையா? ஹல்துமுல்லையிலிருந்து அப்புத்தளை, பண்டாரவளை தாண்டிப் பதுளை ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தால் ஒரு நாள் போயிற்று. 2024இல் 1,350 ரூபா என்று நிர்ணயித்த அந்த நாட்சம்பளமும் போயிற்று. தனியார் சோதனைக் குழாய்ச் சிகிச்சைக்கோ இலட்சங்கள் வேண்டும். அவ்வளவுக்கு எங்கே போவது?

நாம் வானத்து நிலவைக் கேட்கவில்லை. தோட்ட மருந்துச்சாலையில் ஒரு தராசும் ஓர் உயரமானியும். கணவன் மனைவி இருவருக்கும் ஒரே நாளில் பரிசோதனை. அந்த நாளுக்குச் சம்பளம். மெலிந்தோருக்குச் சத்துணவு, பருத்தோருக்கு முறையான ஆலோசனை. நிறையைக் காட்டிச் சிகிச்சை மறுக்காமை. இவை ஐந்துமே நம் கோரிக்கை. சங்கங்கள் அடுத்த பேச்சுவார்த்தை மேசையில் இவற்றை வைக்கட்டும்.

ஆண்மக்களுக்கு ஒரு சொல். தோழர்களே, பழியை அவள் தலையில் ஏற்றுமுன், நீங்கள் தராசில் ஏறுங்கள்!