இதுக்கா தூக்கிட்டு வந்தே?

சங்கரன்கோவில் பக்கம் பனவடலிசத்திரத்தில் இரவு எட்டு மணிக்கு மூன்று வயதுப் பிள்ளை ஒரு கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு ‘வலிக்கி’ என்று வந்து நின்றால், பிள்ளைக்குப் பதில் சொல்லும் முன்பே வீட்டில் ஒரு கணக்கு ஓடத் தொடங்கிவிடும். சங்கரன்கோவில் பஸ் இனி எப்போது? ஆட்டோ பிடித்தால் போக வர எவ்வளவு கேட்பார்? விடிந்தால் கொடுக்க வேண்டிய பீடி பாதியில் கிடக்கிறது. காட்டு வேலைக்குப் போகாவிட்டால் அன்றைய கூலி போச்சு. திண்ணையிலிருந்து ஆச்சி, ‘சுளுக்காத்தான் இருக்கும், எண்ணெயத் தடவிப் படுக்கப் போடுட்டி, விடியட்டும் பாப்போம்’ என்பாள். பேரப்பிள்ளை மேல் பாசமில்லாமல் அவள் அப்படிச் சொல்லவில்லை. ஆறு பிள்ளை பெற்று வளர்த்தவள்.

இத்தனைக்கும் மேலே யாரும் வாய்விட்டுச் சொல்லாத ஒரு கூச்சமும் இருக்கிறது. போன தடவை பிள்ளை கட்டிலிலிருந்து விழுந்துவிட்டான் என்று தூக்கிக்கொண்டு ஓடியபோது, மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த யாரோ ‘இதுக்கா தூக்கிட்டு வந்தே?’ என்று கேட்டிருப்பார்கள். எந்த ஆஸ்பத்திரி என்று பெயர் சொல்லத் தேவையில்லை; அரசு, தனியார் என்ற பேதமும் இதில் கிடையாது. மூன்றே சொல்தான். ஆனால் அடுத்த முறை உண்மையிலேயே எலும்பு முறிந்திருக்கும்போது அந்தத் தாயை வீட்டு வாசற்படியிலேயே நிறுத்திவைப்பது அந்த மூன்று சொல்.

ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு அடி என்று வருகிற எவரையும், அடி எவ்வளவு சின்னதாக இருந்தாலும், கடிந்து பேசாமல் பார்த்து அனுப்ப வேண்டும் என்பதை மக்கள் நல்வாழ்வுத் துறை எழுத்தில் விதியாக்க வேண்டும். நல்லெண்ண அறிவுரையாக விட்டுவிட்டால் போதாது. கூடவே, எந்த அடிக்கு ஓட வேண்டும், எதற்குக் காத்திருந்து பார்க்கலாம் என்ற அறிவைப் பிள்ளை வளர்க்கிற வீடுகளுக்குக் கொண்டுசேர்க்கும் பொறுப்பும் அரசுடையதே. ‘எதுவானாலும் உடனே டாக்டரிடம் காட்டுங்கள்’ என்பது பஸ் வசதியும் கையில் காசும் உள்ளவர்களுக்குச் சொல்லும் யோசனை.

மருத்துவர்கள் தரப்பில் ஒரு நியாயம் உண்டு. புறநோயாளிப் பிரிவில் வரிசை வாசல் தாண்டி நிற்கும்போது, முட்டியில் சிராய்ப்போடு ஒரு பிள்ளையை நீட்டினால் அலுப்பு வராமல் இருக்காது. ஆனால் அந்த அலுப்புக்கு மருத்துவமே ஒரு பதில் வைத்திருக்கிறது. வட அமெரிக்காவில் 25 மருத்துவமனைகளின் அவசர சிகிச்சைப் பிரிவுகளுக்குத் தலையில் அடி என்று வந்த 42,412 பிள்ளைகளை வைத்து நடந்த ஆய்வு 2009-இல் ‘லான்செட்’ இதழில் வெளியானது. அவர்களில் மூளையில் கவலைக்குரிய காயம் இருந்தது 376 பேருக்கு. நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. தலையில் அறுவை சிகிச்சை தேவைப்பட்டது 60 பேருக்கு. மற்றவர்கள் எல்லாம் ‘இதுக்கா’ ரகம்தான். ஆனால் யார் அந்த 376 பேர் என்பது பார்த்த பிறகுதானே தெரிந்தது? நூறு தாய்மார்களில் தொண்ணூற்றொன்பது பேர் ‘வீணாக’ வந்தார்கள் என்றால், அந்த ஏற்பாடு சரியாக வேலை செய்கிறது என்றே பொருள்.

அந்த ஆய்விலிருந்து பிறந்த விதிமுறையில் நம் மனதைத் தொட்ட இடம் ஒன்று உண்டு. இரண்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்ற பட்டியலில், ஐந்து நொடிக்கு மேல் நினைவு தப்பியதா, மூன்றடிக்கு மேலான உயரத்திலிருந்து விழுந்ததா, நெற்றி தவிர்த்த பக்கத்தில், அதாவது பின்மண்டையிலோ பொட்டுப் பக்கமோ வீக்கம் இருக்கிறதா என்பவற்றோடு, ‘பிள்ளை வழக்கம்போல் இல்லை என்று பெற்றவர் சொல்கிறாரா’ என்பதும் ஒன்று. ‘என் பிள்ளை இப்படி இருக்க மாட்டான் டாக்டர்’ என்று நம் பெண்கள் சொல்வதை, 42,412 பிள்ளைகளைப் பார்த்த விஞ்ஞானம் ஓர் அறிகுறியாகவே பதிவு செய்திருக்கிறது. அதைக் காதில் வாங்காமல் சீட்டு எழுதுகிறவர் மருத்துவத்தையே பாதி விட்டுவிடுகிறார்.

பிள்ளைகளின் வலியை நம்பாததில் படித்தவர்களுக்குப் பழைய பங்கு உண்டு. 1980-களின் நடுப்பகுதி வரை மேலை நாடுகளிலேயே பச்சிளங்குழந்தைகளுக்கு வலி மருந்து அற்பமாகவோ, இல்லாமலோ அறுவை சிகிச்சை செய்துகொண்டிருந்தார்கள். அந்த வயதில் வலி உறைக்காது என்று நினைப்பு. ஆக்ஸ்போர்டில் ஆய்வு செய்துகொண்டிருந்த கே.ஜே.எஸ். ஆனந்த் என்ற இந்திய மருத்துவரும் அவருடன் பணியாற்றியவர்களும், முறையாக வலி மருந்து கொடுத்தால் குழந்தையின் உடல் படுகிற பாடும் பின்விளைவுகளும் குறைகின்றன என்று 1987-இல் காட்டிய பிறகுதான் அந்த நினைப்பு ஆட்டம் கண்டது. பேராசிரியர்களுக்கே அவ்வளவு காலம் பிடித்திருக்கிறது. பனவடலிசத்திரத்து ஆச்சியை மட்டும் குறை சொல்லிப் பயன் என்ன?

நம் வீடுகளில் அழுகைதான் அளவுகோல். ஓங்கி அழுதால் பெரிய அடி. அழுகை நின்றால் சரியாகிவிட்டது. பேசத் தெரியாத பிள்ளையின் வலியை அளக்க 1997-இல் மிச்சிகனில் உருவாக்கிய முறை ஒன்று மருத்துவமனைகளில் இன்றும் புழங்குகிறது. அதில் முகம், கால், உடல் அசைவு, அழுகை, தேற்றினால் தேறுகிறதா என்று ஐந்தைப் பார்க்கிறார்கள். அழுகை அதில் ஐந்தில் ஒன்று. அடிபட்ட கையை வைத்துக்கொண்டு அழாமல் மூலையில் உட்கார்ந்திருக்கிற பிள்ளை, ஊரைக் கூட்டி அழுதுவிட்டு ஐந்தாம் நிமிடம் சைக்கிள் டயரை உருட்டப் போகிற பிள்ளையைவிட அதிகம் பயப்பட வேண்டியவன். கை, காலை உபயோகிக்கிறானா? சாப்பிடுகிறானா? கூப்பிட்டால் முகம் பார்க்கிறானா? இந்த மூன்றையும் பார்க்க எக்ஸ்ரே வேண்டாம்.

‘சுளுக்கு’ என்ற சொல்லைப் பற்றியும் பேசியாக வேண்டும். பெரியவர்களுக்கு மூட்டைத் தாங்கும் நார் இழுபட்டுப் போவதைத்தான் சுளுக்கு என்கிறோம். சின்னப் பிள்ளைகளுக்கு அந்த நார் உறுதியானது; எலும்பு வளர்கிற முனைதான் இளசு. அதனால் பெரியவருக்குச் சுளுக்கு விழும் இடத்தில் பிள்ளைக்கு எலும்பின் வளர்முனை உடைய வாய்ப்பு அதிகம். நடை பழகுகிற வயதில் கால் லேசாகத் திருகினாலே முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பில் மயிரிழை போல விரிசல் விழலாம். வீக்கம் இருக்காது, முதல் நாள் எக்ஸ்ரேயில்கூடத் தெரியாமல் போகலாம். நடந்துகொண்டிருந்த பிள்ளை காலை ஊன்ற மறுக்கிறது என்பது ஒன்றே அடையாளம். முட்டி வலிக்கிறது என்று நொண்டுகிற பிள்ளைக்குக் கோளாறு இடுப்பு மூட்டில் இருப்பதும் உண்டு. அங்கே வலித்தால் இங்கே சொல்லும். அது பிள்ளையின் பொய் இல்லை, நரம்பின் வழி அப்படி.

எண்ணெய் போட்டு உருவுவதற்கு முன்னால் இதையெல்லாம் யோசிக்க வேண்டியிருக்கிறது. ஆனாலும் நாட்டு வைத்தியரைத் திட்டிவிட்டு நகர்வது எளிது. மக்கள் ஏன் அங்கே போகிறார்கள் என்று கேட்பதுதான் கடினம். அவர் பக்கத்தில் இருக்கிறார். ராத்திரி ஒன்பது மணிக்குக் கதவைத் தட்டினாலும் எழுந்து வருகிறார். கொடுப்பதை வாங்கிக்கொள்கிறார். முக்கியமாக, ‘இதுக்கா?’ என்று கேட்பதில்லை. ஒரு வயதிலிருந்து நான்கு வயதுக்குள் இருக்கிற பிள்ளையை ஒரு கையைப் பிடித்து பஸ் படியில் வெடுக்கென்று தூக்கினால் முழங்கையில் எலும்பு தன்னைப் பிடித்திருக்கும் நார் வளையத்திலிருந்து நழுவலாம். தெரிந்தவர் ஒரு திருப்பில் சேர்த்துவிடுவார், சற்று நேரத்தில் பிள்ளை அதே கையை மிட்டாய்க்கு நீட்டும். இதைக் கைப்பழக்கத்தில் சரியாகச் செய்கிற நாட்டு வைத்தியர்கள் இருக்கலாம். ஊரில் அவர்களுக்குப் பெயர் வாங்கிக் கொடுப்பது இந்த மாதிரி வெற்றிகள்தான்.

ஆபத்து அடுத்த பிள்ளைக்கு. வேப்பமரத்திலிருந்தோ ஊஞ்சலிலிருந்தோ கையை ஊன்றி விழுகிற ஐந்து, ஆறு வயதுப் பிள்ளைக்கு முழங்கைக்குச் சற்று மேலே எலும்பு முறியும். அந்த இடத்தை ஒட்டித்தான் கைக்கு ரத்தம் கொண்டுபோகிற பெருங்குழாய் ஓடுகிறது. அதை உருவி, மூங்கில் தப்பை வைத்து இறுக்கிக் கட்டினால், உள்ளே வீங்குகிற சதைக்கு இடமில்லாமல் ரத்த ஓட்டம் நிற்கும். சில மணி நேரம் போதும், சதை செத்துப்போகும். விரல்கள் பருந்தின் நகம்போல மடங்கிப் பிறகு விரியாது. இறுக்கிய கட்டினால் இப்படி ஆகிறது என்று ஜெர்மன் மருத்துவர் ஃபோல்க்மான் எழுதியது 1881-இல். எலும்பு முறிவுக்குப் ‘புத்தூர் கட்டு’ என்று போர்டு மாட்டிய இடங்கள் தெற்கே பல சாலைகளிலும் இருக்கின்றன. அதனால் இதை எத்தனை முறை சொன்னாலும் தகும்: கட்டுப் போட்ட பிறகு வலி குறையாமல் ஏறினாலோ, விரல் வெளுத்தாலோ, சில்லிட்டாலோ, விரலை நீட்டிவிடும்போது பிள்ளை அலறினாலோ, யார் போட்ட கட்டானாலும் அந்த நிமிடமே அவிழ்க்க வேண்டும், ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். ஆஸ்பத்திரி மாவுக்கட்டுக்கும் இதே விதிதான். அங்கே போனால் கட்டை வெட்டித் தளர்த்துவார்கள்.

சங்கரன்கோவில் வட்டாரத்தில் பாம்பைப் பற்றிப் பேசாமல் தீராது. விஷக்கடி பயத்துக்குச் சங்கரநாராயணர் கோயில் புற்றுமண்ணை நெற்றியில் இடுவது இம்மக்களின் நம்பிக்கை. நெற்றியோடு இருக்கும்வரை அதில் நமக்கு ஒரு சண்டையும் இல்லை. திறந்த காயத்தில் எந்த மண்ணையும் வைக்கக்கூடாது. ரணஜன்னிக் கிருமி மண்ணில் வாழ்வது. பாம்புகளில் கட்டுவிரியன் இன்னும் மோசம். ராத்திரியில் தரையில் படுத்திருக்கிற பிள்ளையைக் கடிக்கும். பெரிதாக வலிக்காது, பல் தடம்கூடத் தெரியாமல் போகும். பிள்ளை எழுந்து சொல்வது ‘வயிறு வலிக்கி’ என்று மட்டும். பிறகு இமை சரியும். நடு ராத்திரி வயிற்று வலியும் செருகுகிற கண்ணும் சேர்ந்து வந்தால் ஓமத் தண்ணீர் காய்ச்சக் கூடாது, 108 ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும். தமிழ்நாடு அரசு 2024 நவம்பரில் பாம்புக்கடியை அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தது நல்ல காரியம். கணக்கு எடுக்கிற அக்கறை, பாம்புக்கடி என்று தெரியாமலே வந்து நிற்கிற பிள்ளையிடமும் இருக்க வேண்டும்.

பிள்ளைகள் இல்லாத வலியைச் சொல்லி ஏமாற்றும் என்பார்கள். பள்ளிக்கூடம் போகாமலிருக்க அப்படி ஒன்றிரண்டு நடக்கும்தான். ஆனால் இருக்கிற காயத்தை மறைப்பதே பிள்ளைகளின் பெரிய பழக்கம். திட்டுக்குப் பயம், ஊசிக்குப் பயம். 2023-இல் டெல்லிக்குப் பக்கத்தில் காசியாபாத்தில் பதினான்கு வயதுப் பையன் நாய் கடித்ததை வீட்டில் ஒரு மாதத்துக்கு மேல் சொல்லவில்லை. சொன்னபோது தண்ணீரைக் கண்டு நடுங்க ஆரம்பித்திருந்தான், பிழைக்கவில்லை. அவனுக்கு அந்த வயதில் சொல்லத் துணிவில்லை என்றால், நான்கு வயதுப் பிள்ளை எப்படிச் சொல்லும்? மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து தாய் வாங்குகிற திட்டு, வீட்டுக்கு வந்ததும் பிள்ளைமேல் இறங்குகிறது. ‘உன்னால எனக்குக் கெட்ட பேரு’ என்று ஒருமுறை கேட்ட பிள்ளை அடுத்த முறை வாய் திறக்காது.

வாய் திறக்காத காயங்களில் வேறொரு வகையும் உண்டு: பெரியவர்கள் அடித்ததில் வந்தவை. இன்னும் நடக்கத் தொடங்காத கைக்குழந்தையின் உடம்பில் கன்றிப்போன தடம் தானாக வருவது அரிது. சொல்கிற கதைக்கும் காயத்துக்கும் பொருந்தாவிட்டால், பார்க்கிறவர் நர்சாக இருந்தாலும் பக்கத்து வீட்டுக்காரராக இருந்தாலும், குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழைக்கத் தயங்கக் கூடாது.

தென்காசி மாவட்டம் 2019 நவம்பரில் பிறந்தது. ஆனாலும் பெரிய அடி என்றால் இந்தப் பக்கத்து மக்களின் கால் இன்றும் திருநெல்வேலி ‘ஐகிரவுண்டு’ பெரியாஸ்பத்திரிப் பக்கம்தான் திரும்புகிறது. சின்ன அடிக்கும் நடுத்தர அடிக்கும் சங்கரன்கோவிலிலேயே எந்த நேரமும் எக்ஸ்ரே எடுத்து, பிள்ளை எலும்பைப் படிக்கத் தெரிந்த ஒருவரின் கருத்தை, போனிலாவது, வாங்கித் தர முடியவேண்டும். படத்தை நொடியில் எங்கும் அனுப்புகிற காலத்தில் இது பேராசை ஆகாது. பள்ளியும் அங்கன்வாடியும் விழுந்த பிள்ளையை வீட்டுக்கு அனுப்பும்போது, எப்போது, எங்கிருந்து, எப்படி விழுந்தது என்று ஒரு சீட்டில் எழுதி அனுப்ப வேண்டும். பழி வந்துவிடும் என்று பள்ளிகள் இதை மறைத்தால், இரவில் வாந்தி எடுக்கிற பிள்ளைக்குத் தலையில் அடி என்பதே தாய்க்குத் தெரியாமல் போகும்.

புதன்கிழமை தோறும் தடுப்பூசிக்காகப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தாய்மார்கள் நர்சம்மாவிடம் வருகிறார்கள். ஊசி போட்ட பிறகு ஒவ்வாமை ஏதும் வருகிறதா என்று பார்க்க அரை மணி நேரம் உட்காரச் சொல்லும் வழக்கமும் இருக்கிறது. அந்த அரை மணி நேரம் இப்போது சும்மாதான் போகிறது. தாய் சேய் நல அட்டையில் ஒரு பக்கம் கூடுதலாக அச்சடித்து, இந்த வாரம் தலை, அடுத்த வாரம் கை, அதற்கடுத்த வாரம் தீக்காயத்தில் பேஸ்ட்டும் மாவும் அப்பாமல் இருபது நிமிடம் தண்ணீர் ஊற்றுவது என்று பேசலாம். ஆச்சிமார்களையும் கூட்டி வரச் சொல்லுங்கள். ராத்திரி எட்டு மணிக்கு வீட்டில் முடிவெடுப்பது அவர்கள்தான்.