ஈரலணுக்களின் பிணைப்பு

செஞ்சிக்குச் செல்வோர் மூன்று குன்றுகளைக் காண்பர். இராஜகிரியும் கிருஷ்ணகிரியும் சந்திரகிரியும் தனித்து நின்றவரை வெறுங் குன்றுகளே. மதில் அவற்றைப் பிணைத்த பின்னரே கோட்டை என்னும் பெயர் வந்தது. நம் கல்லீரலின் இயல்பும் இத்தகையதே என்பது எம் கருத்து. உயிரணுக்களைத் தனித்தனியே ஆராய்ந்தால் உறுப்பினை அறிந்தவராவோம் என எண்ணுவார் உளர். அது பொருந்தாது.

என்னை? பித்தம் செல்லும் நுண்கால்வாய்க்குத் தனக்கெனச் சுவர் இல்லை. அடுத்தடுத்துள்ள ஈரலணுக்கள் தம்மிடையே விட்ட சிற்றிடமே அக்கால்வாய். அதன் இருமருங்கும் அணுக்கள் இறுகப் பொருந்தி நிற்றலால், பித்தம் குருதியிற் கலவாது குடலை நோக்கிச் செல்கின்றது. அப்பொருத்தத்திற்கு வேண்டும் புரதமொன்றின் மரபணு பழுதுற்ற குழந்தைகள் கொடிய பித்தத்தேக்க நோய்க்கு உள்ளாதல் 2014-இல் அறியப்பட்டது.

அணுக்களைப் பிணைக்கும் புரதங்களுள் சிறந்தது கெடரின். ஜப்பானிய அறிஞர் மசதோஷி தகெய்ச்சி 1977-இல் வெளியிட்ட ஆய்வு அதனைக் கண்டறிய அடிகோலிற்று. கால்சியம் இன்றேல் அது பற்றாது. ஈரலினின்றும் பிரித்துத் தட்டில் இட்ட அணுக்கள், உணவூட்டினும் சில நாட்களில் தம் தொழிலை இழக்கின்றன. இந்திய மரபினரான அமெரிக்க அறிஞர் சங்கீதா பாட்டியா, அவற்றை வேறுவகை அணுக்களின் அண்டையில் ஒழுங்குற அமைத்துப் பல வாரம் தொழிற்படச் செய்தார்.

ஆயின், பிணைப்பு மிகுதலும் கேடே. மதிலுக்கு வாயில் வேண்டுமன்றோ? ஈரலின் நுண்குருதி நாளங்களிலும் சிறு சாளரங்கள் உள. மதுவும், ஹெப்பட்டைட்டிஸ் பி, சி என்னும் வைரசுகளும், மிகு கொழுப்பும் நெடுநாள் வருத்துங்கால், கொலாஜன் நார் பெருகும், சாளரங்கள் அடைபடும், அணுக்கள் குருதியொடு கொண்ட உறவு தளரும், ஈரல் இறுகும். இக்கேடு முற்றும்வரை நோவு பெரும்பாலும் தோன்றாமையே அஞ்சத்தக்கது.

தொடக்கத்திலேயே காரணத்தை நீக்கின் நார் குறைந்து ஈரல் தேறக்கூடும் என மருத்துவர் கண்டுள்ளனர். ஆதலின், மாணவ நண்பர்காள், "ஈரல் தானே வளருமே" என்று கூறி மதுவைத் தொடுவார் சொல்லை நம்பற்க. வளர்வன அணுக்கள், முற்றிய தழும்பினிடையே வளர்வன பழைய ஒழுங்கினைப் பெறுவதில்லை. இடிந்த மதிலின் கற்களைக் குவித்துவிட்டால் கோட்டை ஆகுமோ?