உப்பும் நெல்லிக்காயும்

விருதுநகர் பஜாரில் ஒரு நாள் மாலை நண்பர் ஒருவரோடு நின்றுகொண்டிருந்தோம். எதிரே ஒரு பாட்டியம்மாள் நெல்லிக்காயில் உப்பும் மிளகாய்த்தூளும் தூவி விற்றுக்கொண்டிருந்தாள். நண்பரோ அப்பக்கம் திரும்பியும் பாராமல், மருந்துக் கடையில் 1,000 மில்லிகிராம் வைட்டமின் ஸி மாத்திரைகளை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார். "எவ்வளவு உள்ளே போகிறதோ அவ்வளவு பலம், ஐயா!" என்றார்.

அவ்வளவும் உள்ளே போகிறதா என்பதுதான் நமது கேள்வி.

நம் உடலின் ஒவ்வோர் உயிரணுவையும் மெல்லிய கொழுப்புச் சவ்வு ஒன்று சூழ்ந்திருக்கிறது. நீரில் கரையும் வைட்டமின் ஸி அதைத் தானாக ஊடுருவ இயலாது. அதற்கென்று புரதத்தாலான வாயில்கள் உண்டு. அவற்றில் முக்கியமான இரண்டை 1999-ஆம் ஆண்டில் விஞ்ஞானிகள் இனங்கண்டார்கள். ஒன்று குடலிலும் சிறுநீரகத்திலும் இருப்பது. மற்றொன்று மூளை முதலிய உறுப்புக்களில் இருப்பது. இந்த இரண்டாவது வாயில் இல்லாமல் பிறந்த சுண்டெலிக் குஞ்சுகள் சில நிமிஷங்களிலேயே மடிந்ததை 2002-இல் கண்டார்கள்.

வாயிலை இயக்குவது எது? உப்பிலுள்ள சோடியம்! சிவகாசி மத்தாப்புக்கு மஞ்சள் ஒளி தருகிறதே, அதே சோடியந்தான். உயிரணு அதை ஓயாமல் வெளியே தள்ளுகிறது. அதுவோ உள்ளே பாயக் காத்திருக்கிறது. இரண்டு சோடியத் துகள்கள் நுழையும்போது ஒரு வைட்டமின் ஸி மூலக்கூற்றையும் உடன் அழைத்துச் செல்கின்றன. இதற்காக உப்பை அள்ளித் தின்ன வேண்டாம். வேண்டிய சோடியம் உடலிலேயே இருக்கிறது.

ஆனால் வாயில் குறுகியது. ஒரு வேளைக்கு 200 மில்லிகிராம் என்றால் ஏறக்குறைய முழுவதும் இரத்தத்தில் சேரும். 1,250 என்றால் பாதிகூடச் சேராது. சேர்ந்ததிலும் மிஞ்சியது சிறுநீரோடு போய்விடும். 2020-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் வகுத்த தினசரி அளவு ஆணுக்கு 80, பெண்ணுக்கு 65 மில்லிகிராம்தான். பட்டாசுக்கும் தீப்பெட்டிக்கும் உழைத்துக் கூலி வாங்கும் குடும்பங்கள் நிறைந்த இச்சீமையில், மாத்திரைக்குக் கொடுத்த பணம் சாக்கடைக்குப் போகலாமா?

பின்னாளில் ஹைதராபாத்துக்குப் பெயர்ந்த குன்னூர் உணவு ஆராய்ச்சிசாலையில், 1940-களிலேயே நெல்லியின் ஸி சத்தை ஆராய்ந்திருக்கிறார்கள். ஆரஞ்சைவிடப் பல மடங்கு சத்து அதில் உண்டு. தினம் ஒரு காயைப் பச்சையாகத் தின்றால் குறுகிய வாயிலுக்கும் நெருக்கடி இல்லை. குடும்பச் செலவுக்கும் நெருக்கடி இல்லை.

இவ்வளவையும் கேட்ட நண்பர் மாத்திரையைத் திருப்பிக் கொடுக்கவில்லை. ஆனால் பத்து ரூபாய்க்கு நெல்லிக்காய் வாங்கினார். பாட்டியம்மாள் கேளாமலே இன்னும் கொஞ்சம் உப்புத் தூவினாள்.